பத்தனை நாட்டின் கதை – 6: மலையேறிய மாடுகள்

கடந்த வாரங்களில் இந்த மேட்டு நிலத்தைச் சுற்றி வந்தோம். ராகலையிலிருந்து தென்மேற்கே ஏறினால் கந்தப்பளை, அதற்கப்பால் நுவரெலியா. அங்கிருந்து தெற்கே ஹக்கலை, அம்பேவளை, பட்டிப்பொல, கடைசியில் ஹோர்ட்டன் சமவெளி. இன்று தேயிலையும் மரக்கறித் தோட்டமும் மூடிவிட்ட இந்த வழியில் ஒரு காலத்தில் காட்டுக்கு நடுவே புல்வெளிகளே தட்டுத்தட்டாகக் கிடந்தன. அவற்றைத்தான் பத்தனை என்கிறோம்.

1819இல் ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் நுவரெலியாவைக் கண்டார். 1820களின் இறுதியில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே வெள்ளைக்காரப் படையினர் நோய் தீர்ந்து தேற ஒரு நிலையம் அமைத்தார். 1834இல் தெற்கிலிருந்த பெரும் புல்வெளிக்குத் தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயர் சூட்டப்பட்டது. அதுவரை வந்தவர்கள் பார்த்தார்கள், வேட்டையாடினார்கள், இறங்கிப் போனார்கள்.

1848இல் வந்தவர் இறங்கிப் போகும் எண்ணத்தோடு வரவில்லை. கப்பலில் மாடுகளையும் கொண்டுவந்தார்.

வெறுமையாக்கிய காகிதம்

மாடுகளுக்கு முன்னால் ஒரு சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அது இல்லையென்றால் இந்தக் கதையே நடந்திருக்காது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியவை என்று வைத்துக்கொண்டது. இல்லை என்பவர் உறுதி காட்டி நிரூபிக்க வேண்டும். கண்டிச் சீமையின் கிராமத்தவருக்கு நிலம் காகிதத்தில் இருந்ததில்லை, பழக்கத்தில் இருந்தது. சேனையை வெட்டிச் சுட்டுப் பயிர் செய்துவிட்டுச் சில வருடம் ஆறப்போடுவார்கள். புல்வெளி ஊருக்கே பொது. எருமையும் மாடும் அதில் மேயும். ஆறப்போட்ட சேனையும் பொதுப் புல்வெளியும் ஒரே எழுத்தில் தரிசாகிவிட்டன.

பிறகு அரசாங்கம் அந்தத் தரிசை விற்றது. ஏக்கருக்கு 20 சிலிங்.

பத்தனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்து, வெள்ளைக்காரரின் துணிச்சலுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. உழாத நிலம் வெறும் நிலம் என்ற அந்த எண்ணம் பின்னால் வந்த ஒவ்வொரு திட்டத்திலும் இருந்தது. ஒவ்வொரு முறையும் நிலம் அதற்குப் பதில் சொன்னது. முதல் பதில்தான் இந்த வாரக் கதை.

காய்ச்சலில் பிறந்த திட்டம்

சாமுவேல் வைட் பேக்கர் 1845இல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது 24. மொரீசியஸில் தகப்பனாரின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். யானை வேட்டை ஆசைதான் அவரை இங்கே இழுத்தது. ஒரு வருடம் போலக் கீழ்நாட்டுக் காடுகளில் அலைந்தார். காட்டுக் காய்ச்சல் ஆளை உருக்கிவிட்டது.

வைத்தியர்கள் நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். இரண்டே வாரத்தில் தெம்பு திரும்பியது. குளிர்காற்று, தெளிந்த ஓடை, கண்ணுக்கெட்டிய மட்டும் புல். கூதலில் எழும்பிப் பார்த்த அந்தப் புல்வெளியில் அவர் தன் ஊரைக் கண்டார். இவ்வளவு நல்ல சீதோஷ்ணத்தில் ஏன் ஒரு விவசாயியும் இல்லை, ஏன் மந்தை இல்லை என்று அவருக்கு வியப்பு. மண் கறுப்பாக இருந்தது. கறுத்த மண் வளமான மண் என்பது அவருக்குத் தெரிந்த பாடம்.

இங்கிலாந்துக்குத் திரும்பியவர் ஒரு முழுக் கிராமத்தையே மலைக்கு ஏற்றிவிடத் தீர்மானித்தார்.

அது நல்ல காலமல்ல. 1847இல் கோப்பி விலை விழுந்து துரைமார் பலர் கடனில் மூழ்கினார்கள். 1848 ஜூலையில் மாத்தளையில் வரிக்கு எதிராகக் கலகம் வெடித்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஓகஸ்ட் மாதத்தில்தான் பேக்கர் தரைவழித் தபால் மார்க்கமாக இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார்.

செப்டெம்பரில் 'ஏர்ல் ஒஃப் ஹார்ட்விக்' என்ற கப்பல் லண்டனிலிருந்து புறப்பட்டது. அதில் அவர் தம்பியும் இருவரின் குடும்பத்தாரும் இருந்தார்கள். பண்ணை மேற்பார்வையாளர் ஒருவர், அவர் மனைவி, மகள். ஒரு கொல்லர் உட்பட இன்னும் ஒன்பது குடியேறிகள். கலப்பைகள், மரம் அறுக்கும் யந்திரங்கள், எல்லாவகை விதைகள். டரம், ஹியர்போர்ட் கலப்பில் பிறந்த ஒரு காளை. உயர்சாதி டரம் பசு ஒன்று. மூன்று இனத்தைச் சேர்ந்த மூன்று செம்மறிக் கடாக்கள். ஒரு குதிரை. ஒரு கூட்டம் வேட்டை நாய்கள்.

115 மைல்

கப்பல் நல்லபடியாகக் கொழும்பை அடைந்தது. மாடுகள் சுகம். சிக்கல் அதன் பிறகு.

அந்தப் பசு ஏறத்தாழ 13 அந்தர் நிறை, அதாவது 650 கிலோவுக்கு மேல். நம் நாட்டு மாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மாடாகவே தோன்றியிருக்காது. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு 115 மைல். கடலோர வெயிலில் அவ்வளவு கொழுத்த உடம்பு நடக்காது என்று பேக்கர் அதற்கென்றே ஒரு வண்டில் செய்வித்தார். யானையைக்கூட ஏற்றலாம் என்று செய்தவர் உறுதி சொன்னாராம்.

பசு உள்ளே காலெடுத்து வைத்ததும் பலகை முறிந்தது. வண்டில் அப்படியே உட்கார, பசு அடித்தட்டு வழியாக நிலத்துக்கு வந்துவிட்டது.

வேறு வழியில்லை. நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பத்து மைல், அதுவும் காலையில் பாதி, மாலையில் பாதி என்று கட்டளை. காளை, செம்மறிகள், குதிரை, நாய்கள் சூழ அந்த மந்தை கண்டிச் சாலையில் நடக்கத் தொடங்கியது.

பின்னால் வந்த குதிரைவண்டி மலைப்பாதையில் குதிரைகளோடு பள்ளத்தில் விழுந்தது. விழுத்திய குதிரைக்காரர் ஹென்றி பெர்க்ஸ். பிறகு அவரிடமே ஒரு யானையைக் கொடுத்து அனுப்ப, மூச்சு வாங்க விடாமல் கணவாய் முழுக்க விரட்டி ஏற்றினார். அந்த யானை செத்தது. மலை ஏறுவதற்கு ஒரு வேகம் உண்டு. மன்னாரிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்த நம்மவர்கள் அதைத் தங்கள் பிணங்களை எண்ணிக் கற்றுக்கொண்ட காலமும் இதுதான்.

பேக்கரின் புத்தகத்தில் பெர்க்ஸின் பெயர் இருக்கிறது. அவருக்குப் பிரியமான 'பிரான்' என்ற வேட்டை நாயின் பெயரும் இருக்கிறது. நூற்றுக்கணக்கான வருடம் நின்ற மரங்களை வெட்டி, வேரைக் கிளப்பி, நிலத்தைத் திருத்தியவர்கள் அதில் ஒரு கூட்டமாகவே வருகிறார்கள். இந்தத் தொடரில் அவர்களில் ஒருவரின் பெயரையாவது எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதல் வருடம்

நுவரெலியாவை ஒட்டிய மேட்டில் ஏறத்தாழ 80 ஏக்கர் துப்புரவாக்கப்பட்டது. வேலி போட்டார்கள். யானைகளையும் ஏரில் பூட்டினார்கள். உருளைக்கிழங்கு நட்டார்கள், ஓட்ஸ் விதைத்தார்கள். எல்லாம் முளைத்தன. பச்சைப் பசேலென்று வந்தன.

பிறகு மண்ணுக்குள் இருந்த புழு உருளைக்கிழங்கைத் தின்றது. இரவில் காட்டிலிருந்து இறங்கிய மரைகளும் பன்றிகளும் ஓட்ஸை மேய்ந்து தீர்த்தன. வேலி அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆயிரமாயிரம் வருடமாக மரை மேய்ந்த வெளியில் ஒருவர் புதிதாக இனிப்பான புல்லை வளர்த்துவைத்தால் மரை வராமல் என்ன செய்யும்?

அடுத்தது மாடுகளின் முறை.

தொற்று ஒன்று மந்தைக்குள் புகுந்தது. சில நாட்களுக்குள் 26 கொழுத்த எருதுகள் செத்தன. அவுஸ்திரேலியாவிலிருந்து வருவித்த குதிரைகளில் ஐந்து முதல் வருடத்திலேயே போயின. மிருக வைத்தியம் அந்த நாளில் எந்த நிலையில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நோய்க் கிருமி என்ற கருத்தே இன்னும் நிலைபெறாத காலம். மாட்டுக்கு என்ன வந்தது, எங்கிருந்து வந்தது, அடுத்தது எதன்மேல் பாயும், ஒன்றும் தெரியாது. தொழுவத்துக்குப் போகும் ஒவ்வொரு விடியலும் எப்படி இருந்திருக்கும் என்பதை ஒரு பசுவாவது வளர்த்தவர்கள் அறிவார்கள்.

பேக்கர் பிடிவாதக்காரர். விட்டுவிட்டு ஓடவில்லை. ஏழெட்டு வருடம் நின்று போராடினார். மாட்டெருவைக் கொட்டிக் கொட்டித் துண்டு துண்டாக மண்ணைத் தேற்றினார். 1855இல் இலங்கையை விட்டுப் போனார். பிற்பாடு ஆப்பிரிக்காவில் அல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். ஹோர்ட்டன் சமவெளியில் பெலிஹுல் ஓயா விழும் இடத்துக்கு இன்றும் பேக்கர் நீர்வீழ்ச்சி என்றே பெயர்.

அந்தக் கறுப்பு மண் வறிய மண் என்பதை அவர் மறைக்கவில்லை. 1855இல் வெளிவந்த இலங்கை நூலில் அதைப் பற்றி விரிவாகவே எழுதினார். அவர் தோல்வியை நான் மதிப்பது அந்த நேர்மைக்காகத்தான்.

கறுப்பு ஏன் ஏமாற்றியது

பத்தனை மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசியும். தண்ணீர் போன பிறகும் கையில் நிற்பது நார்: பாதி உக்கிய வேர், பாதி உக்கிய தாள். அதுதான் கறுப்பு.

கடல் மட்டத்திலிருந்து 1,900, 2,000 மீற்றருக்கு மேல் குளிர் அதிகம். விழும் இலையும் தாளும் சீக்கிரம் உக்குவதில்லை, அப்படியே படிகின்றன. வருடம் முழுதும் பெய்யும் மழை சுண்ணச் சத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது புளித்த மண். பயிருக்கு வேண்டிய சத்து அதில் குறைவு, இருப்பதும் புளிப்பில் பூட்டிக் கிடக்கும். புல் அந்தப் பட்டினிக்குப் பழகியது. தானியங்கள் பழகவில்லை.

இன்னொன்று பனி. தை, மாசி இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியும்போது புல் வெள்ளையாகக் கிடக்கும். மரக்கன்று அந்த உறைபனியில் கருகிவிடும். அதனால் சரிவில் காடு, பள்ளத்தில் புல், பள்ளத்தின் அடியில் சதுப்பு என்று ஒரு ஒழுங்கு. 1899இல் பத்தனைகளின் தாவரங்களை ஆராய்ந்து எழுதிய பியர்சன், ஈரப் பத்தனை வேறு, வரண்ட பத்தனை வேறு என்று பிரித்தார். அம்பேவளையும் ஹோர்ட்டன் சமவெளியும் ஈரத்தின் பக்கம். ஊவாவைப் பார்த்துச் சரியும் மலைகளில் மானாப்புல் காற்றில் அலையடிப்பது வரண்டதின் பக்கம்.

அந்தச் சதுப்பைப் பயனற்ற சேறு என்று பேக்கரின் காலம் நினைத்தது. பெய்த மழையைப் பிடித்துவைத்து, மழை குறைந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதுதான். ஹோர்ட்டன் சமவெளியில் கசியும் நீர் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகிறது. ஒரே மேட்டிலிருந்து மூன்று பெரிய நதிகள்.

உழவு தவிர்த்த நிலம்

பேக்கரின் அனுபவத்தைத் துரைமார் கவனித்தார்கள். கோப்பிக்கும் பின்னால் தேயிலைக்கும் அவர்கள் தேடியது காட்டு மண்ணை. பத்தனையை ஒதுக்கினார்கள். மத்திய மலைநாட்டில் காடு இவ்வளவு அழிந்ததற்கும் புல் அங்கங்கே தப்பியதற்கும் இது ஒரு முக்கிய காரணம். 1873இல் கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் சொன்ன யோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை வெட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஹோர்ட்டன் சமவெளியைச் சுற்றிய காடு பிழைத்தது அதனால்.

உழவுக்கு மசியாத புல்வெளி நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீற்றருக்கு மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. இலங்கையின் முக்கால் பங்குக்குச் சமம். வடமராட்சி மணற்காட்டைப் பார்த்தவர்கள் அந்த மணல் முழுவதையும் புல் போர்த்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். குன்றுகளுக்கு இடையே நிலத்தடி நீர் மேலே வந்து ஏரியாகவும் சதுப்பாகவும் நிற்கிறது. மனிதர் மிகக் குறைவு, மாடுகள் மிக அதிகம்.

அங்கேயும் உழுது பார்த்தார்கள். 1904இல் கின்கெய்ட் சட்டம் குடும்பத்துக்கு 640 ஏக்கர் என்று வாரிக் கொடுத்தது. புல்லைக் கிளப்பிய இடத்தில் மணல் பறக்கத் தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடத்தில் நிலத்தை மாட்டுப் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். புல்லின் வேர்தான் அங்கே மணலைக் கட்டியிருந்தது. இங்கே அதே வேர் தண்ணீரைக் கட்டியிருக்கிறது.

அதே 1904இல் நமது ராகலைக்கு ரயில் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புறூக்சைட் வழியாக இரண்டரை அடி அகலமுள்ள சின்னத் தண்டவாளம். தேயிலைப் பெட்டியை இறக்கவும் அரிசியையும் பசளையையும் ஏற்றவும் ஓடிய அந்த ரயில் 1940களில் நின்றது. பசளை மூட்டை ரயிலில் ஏறி வந்த பிறகு, ஒதுக்கிவைத்த புல்வெளியிலும் மண்வெட்டி விழத் தொடங்கியது. 1960களில் ஹோர்ட்டன் சமவெளியிலேயே உருளைக்கிழங்கு போட்டார்கள். கைவிட்ட பாத்திகளின் தடம் இன்னும் முழுதாக மூடவில்லை. அதை அதற்குரிய வாரத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

மாடு மட்டும் போகவில்லை. பேக்கரின் பெரிய மந்தை அழிந்த மலையில், லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட சின்னப் பட்டியில் ஒன்றிரண்டாக அது நிலைத்தது. கோப்பித் துரைமார் எருவுக்காக மாடு வளர்த்தார்கள், அதற்கென்று கினிப்புல் வளர்த்தார்கள். தொழிலாளிகள் பாலுக்காகவும் பிள்ளையின் படிப்புச் செலவுக்காகவும் வளர்த்தார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண் வழியில் ஒரு கட்டுப் புல்லை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். ராகலைப் பாதையில் இன்றும் காணலாம். மலையின் புல்லை அதன் அளவறிந்து எடுத்தவள் அவள்தான். எந்தப் பண்ணை வரலாற்றிலும் அவள் இல்லை.

சேற்றுக்குள் இருந்த சாட்சி

இத்துடன் இந்த வாரத்தை முடித்து, அடுத்து அம்பேவளைக்குப் போவதாக இருந்தேன். ஆனால் பேக்கரின் நூலில் ஒரு பகுதி போகவிடவில்லை.

ஆளே வாழாத நிலம் என்று நம்பி வாங்கிய மேட்டில் அவர் பழைய நீர்க்கால்களின் தடத்தைக் கண்டார். சரிவை ஒட்டித் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோக யாரோ வெட்டியவை. இங்கே ஒரு காலத்தில் மக்கள் இருந்திருக்க வேண்டும் என்று அவரே எழுதினார்.

அவர் கண்டது மேற்பரப்பை மட்டும். 150 வருடம் கழித்து ரத்னசிறி பிரேமதிலக, ஜான் ரிஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள் ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பில் குழாய் இறக்கிச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்தார்கள். உக்காமல் படிந்த அந்தச் சேறு விழுந்த மகரந்தத்தையும் உக்கவிடாமல் வைத்திருந்தது. பேக்கரின் மண்ணைக் கெடுத்த அதே குளிரும் ஈரமும் புளிப்பும் இங்கே காவல் காத்திருந்தன.

அவர்கள் படித்த கணக்கின்படி, ஏறத்தாழ 17,500 வருடங்களுக்கு முன்னரே இந்த மேட்டில் நெருப்பு வைத்த அடையாளமும் மேய்ச்சலின் அடையாளமும் தெரிகின்றன. அதற்குச் சில ஆயிரம் வருடத்துக்குப் பின்னான அடுக்கில் பார்லி, ஓட்ஸ் வகைத் தானியங்களின் மகரந்தம் என்று அவர்கள் கருதுவதும் இருக்கிறது. பேக்கர் கப்பலில் கொண்டுவந்து விதைத்து மரைக்குப் பறிகொடுத்த அதே ஓட்ஸ்.

உலகில் எங்குமே மாட்டைப் பழக்கியிராத காலம் அது. ஆகவே ஆய்வாளரிடையே இந்த முடிவுகளைப் பற்றி வாதம் ஓயவில்லை. மரையும் காட்டு எருமையும் தளிருக்கு வரட்டும் என்று வேட்டைக்காரர் புல்லுக்குத் தீ வைத்தார்களா? காட்டுப் புல்லின் மகரந்தத்தைத் தானியமென்று படித்துவிட்டார்களா? அல்லது நாம் இதுவரை கேள்விப்படாத ஒரு கூட்டம் இங்கே நிலைத்து வாழ்ந்ததா?

அப்படியென்றால் உறைபனியும் மழையும் செய்ததென்று இந்த வாரம் நான் சொன்ன பத்தனையில் எவ்வளவு இயற்கை செய்தது, எவ்வளவு மனிதக் கை செய்தது? அந்தக் கைக்குரியவர்கள் யார்?

(தொடரும்)